நூற்றுப் பதினேழு பேரின் ஒரே பதில்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள், தோழர். எனக்குக் காற்று வேண்டாம். அறுபத்தெட்டு வருஷமாகக் கடற்காற்றைத்தான் தின்கிறேன். தோழர் என்று கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். லத்தியோடு வந்த இன்ஸ்பெக்டரையே தோழர் என்று கூப்பிட்டு, அதற்குத் தனியாக ஓர் அடி வாங்கியவன் நான்.

இந்த பஸ்ஸில் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போகிறேன். நோயாளியாக இல்லை. ஆலோசனைக் குழு உறுப்பினராக. ஆராய்ச்சி நடக்கிறது, தோழர். அதற்கு ஊர்க்காரர்கள் ஏழு பேரைக் கொண்ட குழு. இதோ பாருங்கள் கோப்பு. 'எஸ். தவசிமுத்து, சங்குமேடு'. அச்சில் இருக்கிறது. மற்ற ஆறு பேரில் இரண்டு பேருக்குப் பெயருக்குப் பின்னால் பட்டம் உண்டு. எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தைத் துண்டுப்பிரசுரம் படித்தே முடித்தேன். எட்டுப் பக்கத்துக்கு மேல் போகிற எதையும் நான் நம்புவதில்லை. எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாத விஷயம் முதலாளிக்குச் சாதகமான விஷயம்.

எங்கள் ஊர் உப்பளத்து ஊர். விடிவதற்கு முன்னால் நாலரைக்கு அளத்தில் இறங்கினால் பகல் பன்னிரண்டரைக்குக் கரையேறுவோம். ஆரம்ப சுகாதார நிலையம் முத்தூரணியில் இருக்கிறது, ஆறு கிலோமீட்டர். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அங்கே காலையில் கொடுப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நாங்கள் கரையேறும்போது அவர்கள் சாத்தி அரை மணி நேரம் ஆகியிருக்கும். மாத்திரை சும்மாதான் கொடுக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வாங்கப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் ஊரில் பாதிப் பேர் பிரஷரோடும் மாத்திரை இல்லாமலும் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரிலேயே ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கிறது. குழந்தைகளுக்கு ஊசி போட புதன்கிழமை காலையில் மட்டும் திறப்பார்கள். அதை வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் திறந்து மாத்திரை கொடுங்கள். இவ்வளவுதான் கோரிக்கை. ஆறு வருஷம் மனு கொடுத்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். வாங்குவதில் அவர்களைப் போல் யாரும் கிடையாது.

பிறகு பூட்டுப் போடும் போராட்டம். முத்தூரணி நிலையத்து வாசலில் என் கையால் பூட்டுப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். போலீஸ் என்னையும் பூட்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. அன்றைக்கே ஒரு தீர்மானம் போட்டோம்: கோரிக்கை நிறைவேறும் வரை நம்மில் ஒருவரும் அந்த வாசலை மிதிப்பதில்லை. மற்றவர்கள் முதல் சளிக் காய்ச்சலோடு அதை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. எனக்கும் ஒரு முகாமில் பிரஷர் என்று சொல்லியிருந்தார்கள். இருக்கட்டும். கொள்கை பெரிதா, பிரஷர் பெரிதா?

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் மெர்லின் வந்தார்கள். சின்ன வயது. ஸ்கூட்டரில் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு எங்கள் சங்க அலுவலகத்துக்குள் வந்தார்கள். அப்படிச் செருப்பை விட்டு வந்த முதல் டாக்டர். பன்னிரண்டு ஊரில் ஆராய்ச்சியாம். ஜனங்கள் ஏன் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவதில்லை என்று நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்பார்களாம். எந்த ஊரில் நேரம்தான் தடை என்று தெரிகிறதோ, அந்த ஊரில் ஆறு மாசம் சாயங்காலம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்களாம்.

"நீங்க ஆதரவு தரணும் ஐயா," என்றார்கள்.

ஆறு வருஷம் மனுவில் கேட்டது ஸ்கூட்டரில் வந்திருக்கிறது. தராமல் இருப்பேனா? ஆனாலும் அவர்கள் கொண்டுவந்த சம்மதப் படிவம் நாலு பக்கத்தையும் சத்தம் போட்டு வாசித்தேன். முப்பத்தொரு கேள்வி கேட்டேன். அந்த அம்மாள் முப்பத்தொன்றுக்கும் பதில் சொன்னார்கள். படிவத்தில் ஒரு வரி: 'நீங்கள் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது.' தோழர், நாற்பது வருஷத் தொழிற்சங்க வாழ்க்கையில் ஒரு முதலாளியும் எங்களுக்கு இப்படி ஒரு வரி எழுதித் தந்ததில்லை. இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நானேதான் வாசித்தேன், நானேதான் கேட்டேன்.

கடைசியில் ஒரு விஷயம் சொன்னார்கள். "ஒவ்வொருத்தரையும் தனியா உட்கார வச்சுத்தான் கேப்போம். பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது."

தனியாக. அந்த ஒரு வார்த்தை போதும்.

தொண்ணூற்று நாலில் நாங்கள் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தோம். எங்களை எது உடைத்தது தெரியுமா? போலீஸ் இல்லை, பட்டினி இல்லை. நிர்வாகம் ஒவ்வொருவராக அலுவலகத்துக்குக் கூப்பிட்டது. நாற்காலி போட்டது. காப்பி கொடுத்தது. "உங்க கஷ்டத்தை மட்டும் சொல்லுங்க" என்றது. இருபதாம் நாள் காலையில் முக்கால்வாசிப் பேர் அளத்தில் நின்றார்கள். தனியாகக் கேட்டால் மனிதன் உடைவான். இது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே பொதுக்குழுவைக் கூட்டினேன். ஆராய்ச்சிப் பட்டியலில் இருந்த எங்கள் ஊர் நூற்றுப் பதினெட்டுப் பேரும் வந்தார்கள். அதில் நானும் உண்டு, என் மனைவி சேர்மக்கனியும் உண்டு. கேள்வித்தாளின் மாதிரி குழு உறுப்பினர் என்ற முறையில் என் கோப்பில் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் தீர்மானித்தோம். கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் மாத்திரை விட்டீர்கள்? பதினைந்து. காரணம்? நேரம். போனால் எவ்வளவு நேரம் காக்க வேண்டும்? மூன்று மணி. அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. நியாயமான பதில்கள், தோழர். ஏகமனதாக நிறைவேறியது. எல்லாக் கையும் தூக்கியாயிற்று. மறுநாள் ஒரு ஒத்திகையும் வைத்தேன்.

அடுத்த வாரம் கௌசல்யா என்கிற பெண் வந்தது. களப்பணியாளர், கையில் பலகை மாதிரி ஒரு கணினி. வீடு வீடாகப் போய்க் கேட்டது. ஒருவர் கூட உடையவில்லை. குருவையா என்று ஒருவர் இருக்கிறார். எழுபத்தி மூன்று வயது, ஒரு வியாதியும் கிடையாது, அவருக்கு மாத்திரையே கிடையாது. அவரும் பதினைந்து நாள் விட்டேன் என்றாராம்.

"தாத்தா, உங்களுக்குத்தான் பிரஷரே இல்லையே. எந்த மாத்திரையை விட்டீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. பதினஞ்சு. தீர்மானம் போட்டாச்சு."

அப்படி ஒரு கட்டுப்பாடு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பத்து நாள் கழித்து டாக்டர் மெர்லின் வந்தார்கள். செருப்பை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள், ஆனால் முகம் சரியில்லை. "ஐயா, மத்த பதினோரு ஊர்லயும் ஆளுக்கு ஒரு பதில் சொல்லியிருக்காங்க. உங்க ஊர்ல நூத்திப் பதினேழு பேர் ஒரே பதில்."

"ஒற்றுமை அம்மா," என்றேன்.

"ஐயா, நூத்திப் பதினேழு பேர் ஒரே பதிலைச் சொன்னா, எங்களுக்கு அது ஒரு பதில்தான். இதை வச்சு எதுவும் எழுத முடியாது. உங்க ஊரையே ஆராய்ச்சியிலிருந்து எடுக்க வேண்டி வரும்."

எடுத்தால் சாயங்கால மாத்திரை கிடையாது. ஆறு வருஷ மனுவும் ஒரு பூட்டும் வீண். இது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் போனது வேறு ஒரு எண்.

"நூற்றுப் பதினேழா? நாங்கள் நூற்றுப் பதினெட்டு ஆயிற்றே."

"ஒருத்தர் மட்டும் வேற மாதிரி சொல்லியிருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். படிவத்துல அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கோம். அந்த ஒரு பதில் இருக்கிறதாலதான் நான் இன்னைக்கு வந்தேன். இல்லேன்னா கடிதம்தான் வந்திருக்கும்."

கருங்காலி. சங்குமேட்டில் ஒரு கருங்காலி.

மூன்று நாள் தேடினேன், தோழர். தொண்ணூற்று நாலில் உடைந்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கண்ணைப் பார்த்தேன். டீக்கடையில் வைத்து ரேஷன் கடை பால்துரையைக் கேட்டேன். "அண்ணாச்சி, நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னேன். வேணும்னா திரும்பச் சொல்லட்டா?" என்று நிறுத்தாமல் ஒப்பித்தான். குருவையா மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. துண்டுப்பிரசுரம் ஒன்றும் எழுதினேன். 'கருங்காலியே, வெளியே வா.' இரண்டு பக்கம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எதையும் வீட்டில் வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். நல்ல காரமான எழுத்து. முதல் பக்கம் முடியும்போது சேர்மக்கனி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நாந்தான். கஞ்சி ஆறுது, குடிங்க."

"எது நீதான்?"

"வேற மாதிரி சொன்னது."

"ஏளா, நீ கை தூக்கினியே. நான் பார்த்தேனே."

"எல்லாரும் தூக்கினாக. கை தூக்குறதுக்கு என்ன, நாலரை மணியிலருந்து தூக்கிக்கிட்டுத்தான இருக்கேன்."

அவள் ஊறுகாயை நகர்த்தி வைத்தாள். "அந்தப் பிள்ளை என்னை மட்டும் உக்கார வச்சு, 'நீங்க சொல்லுங்க'ன்னு கேட்டுச்சு. என்னையப் பத்தி என்கிட்ட யாரும் கேட்டதில்ல. சொல்லிட்டேன். இருபத்திரண்டு நாள் விட்டேன்னு சொன்னேன்."

"பதினைந்து என்பது தீர்மானம்."

"இருபத்திரண்டுங்கறது நெசம்."

"காரணமாவது நேரம் என்று சொன்னாயா?"

"அதுவும் சொன்னேன். வேற ஒண்ணும் சொன்னேன். அத உங்ககிட்டச் சொல்லணும்னு படிவத்துல இல்ல."

பாருங்கள். நான் பொதுக்குழுவிலும் சத்தம் போட்டு வாசித்த படிவம். அதைக் கேட்டு மனப்பாடம் செய்தது என் வீட்டுக்காரி ஒருத்திதான்.

துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போகவில்லை. அச்சகத்தில் காகிதம் இல்லை என்று ஊரில் சொல்லிவிட்டேன்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். இன்னொரு தடவை எல்லோரையும் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: யாரும் யாருக்கும் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அதை நானே ஊருக்குச் சொல்ல வேண்டும். அவரவர் இஷ்டம் போல் பேசுங்கள் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? அதைச் சொல்வதற்கா நாற்பது வருஷம் உழைத்தேன்?

வழி கண்டுபிடித்தேன். மறுபடி பொதுக்குழு. தீர்மானம் இரண்டு: 'ஒவ்வொருவரும் தம் பதிலைத் தாமே சொல்வது, பிறர் பதிலைச் சொல்லக் கூடாது என இக்கூட்டம் முடிவு செய்கிறது.' ஏகமனதாக நிறைவேறியது. எல்லாக் கையும் தூக்கியாயிற்று. சேர்மக்கனி கையையும் பார்த்தேன். தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாம் தடவை கேள்வித்தாளில் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். 'உங்கள் மாத்திரையை வீட்டில் வேறு யாராவது சாப்பிடுகிறார்களா?' எங்கிருந்து அந்தக் கேள்வி முளைத்தது என்று தெரியவில்லை. குழுவில் நான் கொடுத்த ஆலோசனை இல்லை அது.

என்னையும் கௌசல்யா தனியாக உட்கார வைத்தது. சேர்மக்கனியைப் பின்பக்கம் அனுப்பிவிட்டது.

"எத்தனை நாள் விட்டீங்க ஐயா?"

யோசித்தேன். "எட்டு."

"சாப்பிட்ட இருபத்திரண்டு நாளும் மாத்திரை எங்க வாங்கினீங்க?"

"வாங்குவதா? நான் அந்த வாசலை மிதிப்பதில்லை அம்மா. தீர்மானம் இருக்கிறது."

"அப்போ?"

"அது வரும். காலையில் காப்பித் தட்டில் இருக்கும்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, பின்பக்கக் கதவைப் பார்த்தது. பிறகு குனிந்து ஏதோ பதிந்துகொண்டது. நேர்மையான பதில் சொன்னேன் என்று சந்தோஷப்பட்டிருக்கும்.

முடிவு வந்தது. நூற்றுப் பதினெட்டில் நாற்பத்தொரு பேர் வீட்டில் ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தின்கிறார்களாம். வாங்கிவர ஒருவருக்குத்தான் வேலையை விட முடிகிறது, சாப்பிட இரண்டு பேர். பன்னிரண்டு ஊரிலும் யாரும் கேட்டிராத விஷயம், இதற்காகவே ஆராய்ச்சிக்கு மதிப்பு என்று டாக்டர் சொன்னார்கள். சங்குமேட்டுக்குச் சாயங்கால மாத்திரை வந்தது. செவ்வாய், வெள்ளி, ஐந்து முதல் ஏழு வரை. கூட்டத்தில் பேசினேன்: நாற்பது வருஷ ஒற்றுமையின் வெற்றி இது என்றேன். நல்ல கைதட்டல்.

முதல் செவ்வாய் நானும் வரிசையில் நின்றேன். கோரிக்கை நிறைவேறிவிட்டதே, இனி தடை இல்லை. முத்தூரணியிலிருந்து வந்த சிஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

"வாங்க அண்ணாச்சி. பூட்டுக் கொண்டாந்திருக்கியளா? சாயங்காலம் பூட்டிட்டுப் போகத் தோதா இருக்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம். பிரஷர் பார்த்தார்கள். எனக்கு நூற்று முப்பத்தி நாலு. சேர்மக்கனிக்கு நூற்றெண்பது. சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்று கேட்டது. போராட்டக்காரனுக்கு ரத்தம் நிதானமாக இருக்கும் சிஸ்டர், வெளியேதான் கொதிப்பு என்றேன். சேர்மக்கனி மாத்திரைக்குக் கையை நீட்டினாள். அவள் பெயரில் முப்பது, என் பெயரில் முப்பது. தனித்தனி அட்டை.

வந்ததே தொல்லை, தோழர். மறுநாள் காலையில் காப்பி வருகிறது, தட்டில் மாத்திரை இல்லை.

"ஏளா, மாத்திரை எங்கே?"

"உங்க டப்பாவுல."

"என் டப்பா எங்கே?"

"நீங்க வச்ச எடத்துல."

நான் எங்கே வைத்தேன்? நான் எதையும் எங்கும் வைத்துப் பழக்கமில்லை. கூட்டம், மனு, பிரசுரம் என்று இருக்கிறவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? இரண்டு நாள் கழித்து வானொலிப் பெட்டிக்குப் பின்னால் கிடைத்தது. கிடைத்தாலும் ஞாபகம் வர வேண்டுமே. தண்ணீரையும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரைக்கு இத்தனை வேலை இருக்கிறது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

ஆறு மாசத்தில் மூன்றாம் தடவை கேட்க வந்தார்கள். இது முக்கியமான தடவை. விட்டுப்போன நாட்கள் குறைந்திருந்தால்தான் சாயங்கால மாத்திரை தொடரும், இல்லாவிட்டால் அந்தச் சிஸ்டரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். கௌசல்யா மூன்று நாளாகக் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. முதலில் சேர்மக்கனி. அவள் வெளியே வந்து, கேட்காமலே என்னிடம் சொன்னாள், "ஒரு நாளும் விடல." பிரஷர் நூற்று நாற்பத்தி நாலுக்கு இறங்கியிருந்தது.

பிறகு நான்.

"கடந்த முப்பது நாள்ல எத்தனை நாள் விட்டீங்க ஐயா?"

நான் காலண்டரில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். கணக்கு எனக்குத் தெரியும். பதினொன்று. அந்தப் பிள்ளையும் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டு வந்திருக்கிறது, ஆளுக்கு இரண்டு, மூன்று என்று இருக்கும். பூஜ்யம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊருக்கு நல்லது. சங்கத்துக்கு நல்லது. பக்கத்தில் யாரும் இல்லை. நாற்காலி இருந்தது, காப்பி இருந்தது. தொண்ணூற்று நாலில் அந்த அலுவலகத்துக்குள் என்னை மட்டும் கூப்பிடவில்லை, தோழர். உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பதினொன்று," என்றேன்.

கௌசல்யா நிமிர்ந்தது. "ஐயா, எழுதட்டுமா?"

"எழுதும்மா."

"காரணம்? நேரம், தூரம், மருந்து இல்ல, பக்க விளைவு..."

"மறதி."

எழுதியது. தப்பாக நினைக்காதீர்கள். நான் கட்டுப்பாட்டை உடைக்கவில்லை. தீர்மானம் இரண்டின்படி அவரவர் பதிலை அவரவர்தான் சொல்ல வேண்டும். தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவன் நான்.

சாயங்கால மாத்திரை இன்னும் ஒரு வருஷம் தொடரும் என்று போன வாரம் கடிதம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்குக் கூட்டம். என் பதினொன்று அதை ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது. நூற்றுப் பதினெட்டில் ஒன்றுதானே. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. கௌசல்யா போன பிறகு, நான் ஊரைக் கெடுத்துவிட்டேனோ என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சேர்மக்கனி பின்பக்கத்திலிருந்து வந்தாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அளத்துத் துணிகளை அலசப் போய்விட்டாள்.

மாத்திரையை நான்தான் எழுந்து போய் எடுத்துக்கொண்டேன்.